பயிற்சி பதினொன்றின் பின்பக்கம்

மே 3, 1943. திங்கள்.

விடியலிலிருந்து மழை. ரயில் யார்டில் கணுக்கால் வரை சேறு. ஆபீசில் தேதி போடும்போது ஜப்பான் ஆண்டுக் கணக்கில் 2603 என்று போட வேண்டும். இது ஆபீஸ் இல்லை.

இன்றைய வேலை: கைகாட்டிக் கம்பி இரண்டு இறுக்கியது. கப்பிகளுக்கு எண்ணெய். எண்ணெய் என்றால் செம்பனை எண்ணெய். அதே எண்ணெயில்தான் பாக்கியம் அக்கா மரவள்ளிக்கிழங்கு வதக்குகிறார். கையிலும் வாயிலும் ஒரே வாசனை.

சாயங்காலம் காதர் பாய் கடையில் கருவாடு. சுற்றிக் கொடுத்த தாள் வழக்கமான செய்தித்தாள் இல்லை. ஊதா மையில் உருட்டி எடுத்த ஆங்கிலத் தட்டச்சு. கறைக்கு நடுவே ஒரு வரி: ‘ப என்று வைத்துக்கொள்.’ யார் ப, எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? பாதித் தெரு வந்தவன் திரும்பிப் போனேன்.

“பாய், இந்தத் தாள் எங்க கெடச்சது?”

“ஏன், கருவாடு நாறுதா?”

“கருவாடு இருக்கட்டும். தாள்தான் வேணும்.”

“வெள்ளைக்காரன் பங்களாவுலேர்ந்து ஒருத்தன் தூக்கியாந்தான். சிக்னல் எஞ்சினியர் வீடாம். கட்டா வாங்கிப் போட்டேன். பின்னாலேர்ந்து கிழிச்சிக்கிட்டே வரேன். வேணும்னா மாத்துக் காகிதம் கொண்டா.”

எங்கள் செக்‌ஷனில் வெள்ளைக்காரன் காலத்து டைம்டேபிள் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அந்த ரயில்கள் ஓடுவதில்லை. ஒரு தாளுக்கு ஒரு தாள் என்று ஒப்பந்தம். மிஞ்சியிருந்தது, என் கையில் இருந்த தாளோடு சேர்த்து, முப்பது பக்கம். முப்பதையும் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கருவாட்டோடும் புளியோடும் போய்விட்டது. விடைகளும் அங்கேதான் இருந்திருக்கும்.

ஜப்பான்காரன் வந்ததும் ஓடிய எஞ்சினியர் காரையும் நாயையும் எடுத்துக்கொண்டு போனார். இதை விட்டுவிட்டார்.

மே 6. வியாழன்.

மூன்று நாளாக இதே வேலை. ஏதோ கல்லூரிப் பாடக் குறிப்பு. கணக்கு மாதிரி இருக்கிறது, எண் இல்லை. ஒரு கூற்றிலிருந்து இன்னொரு கூற்றுக்குப் போவது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது எங்கிருந்து வந்தது, எந்த விதிப்படி வந்தது என்று எழுத வேண்டும். காரணம் எழுத முடியாத வரிக்கு அங்கே இடம் இல்லை. எங்கள் ஆபீஸ் சுற்றறிக்கைகளை இந்த முறையில் எழுதச் சொன்னால் ஒரு வரிகூடத் தேறாது.

முதலில் புரியாதது ‘வைத்துக்கொள்’ என்பது. உண்மையா என்று தெரியாத ஒன்றை எப்படி எழுதுவது? இன்று காலை ஒற்றைப் பாதை வண்டி வந்து நின்றபோது பிடிபட்டது. டிரைவர் பித்தளை டோக்கனை வளையத்தோடு நீட்டினார், போர்ட்டர் வாங்கிக்கொண்டார். ஒற்றைப் பாதையில் டோக்கன் கையில் இருந்தால்தான் வண்டி ஓட்டலாம். அடுத்த ஸ்டேஷனில் அதைத் திருப்பிக் கொடுக்காமல் மேலே போக முடியாது. ‘வைத்துக்கொள்’ என்பது டோக்கன் வாங்குவது. அவ்வளவுதான்.

எழுதிப் பார்த்தேன்.

கொடுத்தது: ப எனில் க. க எனில் ம.
1. ப (டோக்கன் வாங்கியாச்சு)
2. ஆகவே க
3. ஆகவே ம
4. டோக்கன் திருப்பியாச்சு. ப எனில் ம.

ப உண்மையா? தெரியாது. தெரிய வேண்டியதில்லை. நாலாவது வரிக்கு ப தேவையே இல்லை. பிளாட்பாரத்தில் நின்று சிரித்தேன். போர்ட்டர் முறைத்தார்.

பயிற்சிகள் 1 முதல் 10 வரை முடிந்தன. 11 நின்றுவிட்டது.

11. கொடுத்தது: ப எனில் க. க. அடைய வேண்டியது: ப.

பார்த்தால் எல்லாவற்றிலும் சின்னது.

மே 11. செவ்வாய்.

வெயில். உள்ளங்கையில் கொப்புளம்.

11 வரவில்லை. ப-வை டோக்கனாக வாங்கிப் பார்த்தேன். திருப்பிக் கொடுத்ததும் கையில் மிஞ்சியது ‘ப எனில் ப’. புறப்பட்ட ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தேன். ‘ப இல்லை’ என்று வாங்கிப் பார்த்தேன். எதனோடாவது மோத வேண்டும், மோதினால் அதைத் தூக்கி எறியலாம், அது விதி. எதனோடும் மோதவில்லை. பேசாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பக்கத்தின் மேல்முனை கிழிந்திருக்கிறது. பயிற்சிகளுக்கு மேலே ஏதோ ஒரு வரி இருந்திருக்கிறது.

இன்னொரு தொல்லை, பக்கம் 30-இன் கடைசி வரி: ‘உன் கையில் ஓர் அல்லது இருந்தால், செய்ய வேண்டியது’. அதோடு முடிகிறது. 31-ஐ எந்த வீட்டில் என்ன சுற்றிக் கொண்டுபோனார்களோ. ‘ப அல்லது க’ என்று தெரிந்தால் என்ன செய்யலாம்? எது என்று தெரியாதே. தெரியாததை வைத்துக்கொண்டு எங்கே போவது?

மதியம் சுப்பையா அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நான் குடியிருப்பது அவர் குவார்ட்டர்சில், பின்கட்டு அறையில். யார்டு கேபினில் லெவர்மேன். பதினாறு வருஷ சர்வீஸ். மனைவி பாக்கியம் அக்கா, இரண்டு பெண் குழந்தைகள். வெள்ளைக்காரன் போனான், ஜப்பான்காரன் வந்தான், அந்த லெவர்களை இழுக்கிற கை மட்டும் மாறவில்லை.

கேபின் தரைக்கு அடியில் இரும்புச் சட்டம். ஒரு லெவரை இழுத்தால் இன்னொன்றை அது பூட்டிவிடும். 4 கைகாட்டி லெவர், 9 பாதையை மாற்றும் பாயிண்ட் லெவர். 4-ஐ இழுத்து, வண்டி வரலாம் என்று கைகாட்டி விழுந்துவிட்டால் 9-ஐ யாராலும் அசைக்க முடியாது. வண்டிக்கு அடியில் பாதை மாறக்கூடாது என்பதற்காக. இரண்டு வருஷமாக அதற்கு எண்ணெய் போடுகிறேன். இன்றுதான் பார்த்தேன். ‘எனில்’ என்பதை இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் 4-ஐ இழுத்தார். பிறகு 9-ஐப் பிடித்து ஓர் இழுப்பு. அது அசையவில்லை.

“பூட்டியிருக்குன்னு தெரியுமில்ல, அப்பறம் ஏன் இழுக்கறீங்க?”

“வரக்கூடாதத இழுத்துப் பாக்கணும் கோபாலு. வராம நின்னாத்தான் நான் நம்புவேன்.”

பழைய லெவர்மேன்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டாம். எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர்.

மே 15. சனி.

அரை நாள் வேலை. கேபின் பன்னிரண்டு மணிக்கே பூட்டு. பன்னிரண்டு என்றால் டோக்கியோ பன்னிரண்டு. வயிற்றுக்கு இன்னும் பத்தரைதான்.

பிறகு ஃபிட்டர் லாசர் அண்ணனோடு கேபினுக்கு. நான் அவருடைய ஹெல்ப்பர். அவருக்குக் காலில் புண், வீங்கிப் போயிருக்கிறது. கேபினுக்கு வெளிப்புறம் இருக்கும் பலகையைத் திறந்து அவர் தரைக்கு அடியில் இறங்கினார். நான் மேலே உட்கார்ந்து விளக்குப் பிடித்தேன். சுத்தியல் சத்தம், திட்டு, சுத்தியல் சத்தம். என் மனசு முழுக்க 11. ‘வெளக்க நேராப் பிடிடா’ என்று நாலு தடவை. மேலே வந்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, ஏதோ சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு யோசனை. ‘க இல்லை’ என்று தொடங்கினால்? குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்தே எழுதினேன். காகிதப் பஞ்சம். கையில் கிடைத்ததில் எழுதினேன். ஒன்பது வரி வரை போனேன். வரவில்லை.

பாக்கியம் அக்கா: “இதெல்லாம் எழுதி யாருக்கு அனுப்பப் போற?”

யாருக்கும் இல்லை.

மே 17. திங்கள்.

அரிசி வண்டி கவிழ்ந்தது.

காலை எட்டரைக்கு, தூறலில். இந்த மாதத்தின் முதல் அரிசி. இரண்டு வேகன் நேர்ப் பாதையில் போய்விட்டன. மூன்றாவதின் முன்சக்கரம் நேரே, பின்சக்கரம் பக்கப் பாதையில். குறுக்கே திரும்பி, சாய்ந்து, விழுந்தது. நான் ஐம்பதடியில் இருந்தேன். சத்தத்தைவிட, அதற்குப் பிறகு வந்த அமைதி.

யாருக்கும் அடி இல்லை. மூட்டைகள் கிழிந்து சேற்றில் அரிசி. ஐந்து நிமிஷத்தில் குவார்ட்டர்ஸ் பெண்கள் முறம், பானை, முந்தானையோடு. ஆறு மாதமாக அரிசி பார்க்காதவர்கள். சோல்ஜர்கள் அறைந்து விரட்டினார்கள். அறை வாங்கிக்கொண்டே ஒருத்தி குனிந்து அள்ளினாள். நானும் ஒரு பிடி எடுத்தேன்.

ஆள் செத்திருந்தால் ஒரு வரி எழுதி மூடியிருப்பார்கள். அரிசி. அதனால் விசாரணை.

சுப்பையா அண்ணனைப் பத்து மணிக்குக் கூட்டிப்போனார்கள். சாயங்காலம் விட்டார்கள். ஒரு கன்னம் வீங்கி இருந்தது. லாசர் அண்ணன் இன்று வேலைக்கு வரவில்லை. கால் மோசமாகி, கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாராம்.

மே 18. செவ்வாய்.

பெரிய கிராணி எங்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்து அறிக்கையை வாசித்தார். கிராணி என்றால் எழுத்தர். பெரிய கிராணி என்றால் யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவு செய்பவர். அறிக்கை மூன்று வரி.

9-ஆம் லெவரை இழுத்தால் பாயிண்ட் நகரும். பாயிண்ட் நகர்ந்திருக்கிறது. ஆகவே சுப்பையா லெவரை இழுத்திருக்கிறான்.

அது பயிற்சி 11. ப எனில் க. க. ஆகவே ப. பன்னிரண்டு நாளாக நான் முட்டிக்கொண்டிருப்பதை இந்த ஆள் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

பிறகு சொன்னார்: “சயாமுக்கு நம்ம செக்‌ஷன்லேர்ந்து ஒரு ஆள் கேட்டிருக்கான். யார அனுப்பறதுன்னு நானும் யோசிச்சிட்டு இருந்தேன். இப்ப யோசிக்க வேண்டியதில்ல. திங்கக்கெழம விசாரணை. சொல்றதுக்கு எதாச்சும் இருந்தா அங்க சொல்லுங்க.”

சயாமில் காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள். ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆட்களை லோரி லோரியாக ஏற்றிப்போனார்கள். போனவர்களில் ஒருவரும் கடிதம் போட்டதில்லை. பெரிய கிராணியின் தங்கை மகனும் எங்கள் செக்‌ஷன்தான். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. அதற்கு நிரூபணம் வேண்டாம்.

மதியம் கோபத்திலேயே உட்கார்ந்து யோசித்தேன். கோபத்தில்தான் திறந்தது. பாயிண்ட் வேறு விதமாகவும் நகரலாம். கம்பி அறுந்தால், கல் சிக்கினால், யாராவது கடப்பாரை வைத்து நெம்பினால். அப்போதும் ‘லெவரை இழுத்தால் பாயிண்ட் நகரும்’ என்பது உண்மையாகவே இருக்கும். பாயிண்ட் நகர்ந்ததும் உண்மை. லெவர் மட்டும் இழுபடவில்லை. கொடுத்தது இரண்டும் சரி, அடைய வேண்டியது தப்பு. இப்படி ஒரு நிலைமை இருக்க முடியும் என்றால் அதை எவனாலும் நிரூபிக்க முடியாது. நான் மட்டும் இல்லை, அதை எழுதிய வெள்ளைக்காரனாலும் முடியாது.

கிழிந்துபோன மேல்முனையில் என்ன இருந்தது என்று இப்போது தெரிகிறது. ‘நிரூபி, அல்லது ஏன் முடியாது என்று சொல்.’ பன்னிரண்டு நாள்.

சந்தோஷமாக இருந்தது. அண்ணன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எனக்குச் சந்தோஷம்.

மே 20. வியாழன்.

பெரிய கிராணி சொன்னது தப்பு என்று காட்டினால் மட்டும் போதாது. அண்ணன் இழுக்கவில்லை என்று காட்ட வேண்டும். நேற்று முழுக்க அதே வேலை. இன்று முடிந்தது. சின்னதாக, இறுக்கமாக.

1. கைகாட்டி விழுந்திருந்தது. (டிரைவர் சாட்சி. எல்லோரும் ஒப்புக்கொண்டது.)
2. கைகாட்டி விழுந்திருந்தால் 9 அசையாது. (சட்டத்துப் பூட்டு.)
3. ஆகவே 9 அசையாது.
4. அண்ணன் 9-ஐ இழுத்து நகர்த்தினார் என்று வைத்துக்கொள். (டோக்கன்.)
5. 9 அசைந்தது. 3-உடன் மோதுகிறது.
6. டோக்கனைத் திருப்பு. அண்ணன் நகர்த்தவில்லை.

என் வாழ்க்கையில் செய்த பொருட்களிலேயே இதுதான் நன்றாக அமைந்தது. எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கொல்லையில் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். வரி வரியாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“நல்லாதான் எழுதியிருக்க.”

“திங்கக்கெழம இத அப்படியே சொல்லுவோம் அண்ணே. பெரிய கிராணி வாயத் தொறக்க முடியாது.”

“கோபாலு, நான் இழுத்தேன்டா.”

கோழி கத்திக்கொண்டிருந்தது.

“எப்பவும் பாக்கறாப்லதான். நாலப் போட்டுட்டு ஒம்பத ஒரு இழுப்பு. வராதுன்னு நெனச்சி பலமா இழுத்தேன். மோர்ல கையவிட்டாப்ல வந்திருச்சி. திருப்பித் தள்ளறதுக்குள்ள கீழ சத்தம். பதினாறு வருஷமா வராதது அன்னைக்கு வந்திருச்சி.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“சொல்லிட்டு? பூட்டு பிடிக்கலன்னு சொன்னா, எவன் நம்புவான்? கீழ எறங்கிப் பாக்கவா போறான்? உன் அக்காகிட்டகூட சொல்லல.”

அறைக்கு வந்து அந்த ஆறு வரியையே பார்த்தபடி இருந்தேன். பெரிய கிராணி சொன்ன முடிவு உண்மை. அவர் வந்த வழி தப்பு. நான் வந்த வழி சரி. என் முடிவு பொய். இது எப்படி என்று ஒரு மணி நேரம் புரியவில்லை. கோபம் யார் மேல் என்றும் புரியவில்லை.

பிறகு பார்த்தேன். ஒரு வரியும் வழி தவறவில்லை. ஆனால் நான் இரண்டு டோக்கன் வாங்கியிருக்கிறேன். திருப்பியது ஒன்றைத்தான். இரண்டாம் வரி. பூட்டு அதன் இடத்தில் இருந்தது என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டதே தெரியாமல் வைத்துக்கொண்டேன்.

அப்படியானால் மோதல் எதைத் தள்ளுகிறது? அண்ணன் இழுத்தது நடந்த விஷயம், அதைத் தள்ள முடியாது. கைகாட்டி விழுந்ததையும் தள்ள முடியாது. மிச்சம் பூட்டுதான். ஆகவே பூட்டு இல்லை.

சனிக்கிழமை கீழே இறங்கியவர் லாசர் அண்ணன். விளக்குப் பிடித்தவன் நான். என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை.

மே 22. சனி.

கிள்ளான். கூட்ஸ் வண்டியின் கார்டு பெட்டியில் தொற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் தோட்டம். பால் எடுக்க ஆள் இல்லை, ரப்பர் மரங்களுக்குக் கீழே புல் இடுப்புயரம். லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பெண்களும் கிழவர்களும் மட்டும்.

லாசர் அண்ணனின் அக்கா வீடு பாசார் சந்தைக்குப் பின்னால். கால் பானை மாதிரி. புண்ணில் ஏதோ இலையை அரைத்துக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்னாடா, வெளக்குப் பிடிக்க வேற ஆள் கெடைக்கலயா?”

கேட்டேன். ஒளிக்கவே இல்லை.

“ஆமாடா, எடுத்தேன். 4-க்கும் 9-க்கும் நடுவுல இருக்கற பூட்டு இரும்பு. வடக்க புதுப் பாதைக்கு வேணுமாம், கழட்டி அனுப்புன்னு மேலேர்ந்து உத்தரவு. திங்கக்கெழம மரத்துல ஒண்ணு செதுக்கிப் போடலாம்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம இந்தக் கால் படுக்க வச்சிருச்சி.”

“வண்டி கவுந்திருச்சி அண்ணே.”

“கேள்விப்பட்டேன். அதான் புரியல. சுப்பையாவுக்குத் தெரியுமே. ‘பூட்டு எடுத்தாச்சு, ஒம்பதத் தொடாதே’ன்னு சீட்டு எழுதினேனே. கேபின் பூட்டியிருந்துச்சு, லெவர்ல மாட்ட முடியல. நீ அவன் வீட்டுலதானே இருக்க, கையில குடுத்துருன்னு ஒன்கிட்ட குடுத்தேன். குடுத்தீல்ல?”

அவருடைய அக்கா கஞ்சி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

“குடுத்தீல்லடா?”

“குடுத்தேன்” என்றேன்.

ஒரு விநாடியில் வந்த சொல். காரணம் எழுத முடியாத வரி.

மே 23. ஞாயிறு.

காலை ஆறு மணிக்கே தேட ஆரம்பித்தேன். தேட அதிக நேரம் ஆகவில்லை. ஊதாத் தாள்களுக்கு நடுவில், எங்கே வைப்பேனோ அங்கேயே. ஒரு பக்கம் பயிற்சி 11, ஒன்பது வரி, என் கையெழுத்து. பின்பக்கம் லாசர் அண்ணனின் கோணல் எழுத்து. தேதி, லெவர் எண், தொடாதே. கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடம் காலி.

நிரூபிக்க முடியாத ஒன்றை நிரூபிக்க, தொடாதே என்ற சீட்டின் முதுகில் எழுதியிருக்கிறேன்.

கோயிலுக்குப் போகிறவர்கள் தெருவில். மணிச் சத்தம். நான் கட்டிலில்.

இனி எழுதப் போவதை யாரும் படிக்கக்கூடாது. ஆனாலும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே தெரியாமல் போய்விடும்.

சீட்டைக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். நாளை பெரிய கிராணி இரும்புச் சட்டத்தைத் திறந்து பார்ப்பார், அல்லது பார்க்க மாட்டார். பார்க்காவிட்டால் சுப்பையா அண்ணன் சயாமுக்கு. பார்த்தால் பூட்டு இல்லை, எடுத்தவர் லாசர்; சீட்டுக் கொடுத்தேன் என்பார், கொடுத்ததற்குக் கையெழுத்து இல்லை; அந்தக் காலோடு லாசர் சயாமுக்கு. இந்தப் பாதையில் போனாலும் நான் இல்லை. அந்தப் பாதையில் போனாலும் நான் இல்லை. ஆகவே எப்படியும் நான் இல்லை.

எழுதி முடித்து, பேனாவை வைத்த பிறகுதான் தெரிந்தது. இதுதான் பக்கம் 31. கையில் ஓர் அல்லது இருந்தால் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போய்ப் பார். இரண்டும் ஒரே ஸ்டேஷனில் வந்து சேர்ந்தால், எது உண்மை என்று தெரியாமலே அந்த ஸ்டேஷன் உன்னுடையது. மெயின் லைனும் லூப் லைனும் மாதிரி. இரண்டு வாரமாகத் தேடிய விதி. விதியில் ஒரு பிழையும் இல்லை.

வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

சின்னவள், அண்ணனின் இளைய மகள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “மாமா, கெழங்கு சேரலியா?”

மத்தியானம் அண்ணனிடம் சீட்டைக் கொடுத்தேன். அவர் படித்தார். திருப்பி, ஒன்பது வரியையும் படித்தார். புரிந்திருக்காது. அக்கா அவர் கையிலிருந்து வாங்கி, என்னவென்று கேட்டு, தெரிந்துகொண்டார்.

“ரெண்டு நாளு. வண்டி கவுறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு இது இந்த வீட்டுக்குள்ளயே கெடந்துச்சா. நான் போட்டதத் தின்னுட்டு, அந்தாளு மொகத்தப் பாத்துக்கிட்டு.”

அக்கா அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அண்ணன் மட்டும் கேட்டார்: “அப்ப பூட்டு நெசமாவே இல்லையா?” முகத்தில் கிட்டத்தட்ட நிம்மதி. ஆறு நாளாக அவர் பயந்தது சயாமுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. தன் கையை நம்பலாமா என்றும்.

மே 24. திங்கள்.

விசாரணை. மேசைக்குப் பின்னால் பெரிய கிராணி. பக்கத்தில் வாளோடு ஓர் அதிகாரி, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு. நாங்கள் எல்லோரும் குனிந்து வணங்கினோம். இதற்கு மட்டும் ஒன்றரை வருஷத்தில் நல்ல பழக்கம்.

நேற்று சாயங்காலம் முழு நிரூபணத்தையும் சுத்தமாகப் பதினான்கு வரியில் எழுதியிருந்தேன். எந்த வரிக்கும் காரணம் விடவில்லை. முதலில் அதை நீட்டினேன்.

பெரிய கிராணி பார்த்தார். “என்னா இது?”

“பாயிண்ட் நகர்ந்ததால மட்டும் சுப்பையா மேல குத்தம் வராதுன்னு காட்டியிருக்கேன் சார். நீங்க சொன்ன மூணு வரியில ஒரு ஓட்ட இருக்கு.”

“நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?” தாளைப் பக்கத்தில் வைத்தார், மைக்கூட்டுக்கு அடியில். “வேற எதாச்சும் இருக்கா?”

சீட்டைக் கொடுத்தேன். அதைப் படித்தார். இரண்டு முறை. ‘பெற்றுக்கொண்டேன்’ காலியாக இருப்பதை விரலால் தொட்டார்.

“இது ஒன்கிட்ட எப்படி?”

“சனிக்கெழம லாசர் குடுத்தாரு. சுப்பையாகிட்ட குடுக்கச் சொன்னாரு. குடுக்கல.”

“ஏன் குடுக்கல?”

“மறந்துட்டேன்.”

திருப்பிப் பார்த்தார். “பின்னால என்னமோ எழுதியிருக்கே.”

“கணக்கு சார்.”

“வந்துச்சா?”

“வராது சார். வராத கணக்கு.”

அதிகாரி ஏதோ கேட்டார். பெரிய கிராணி ஜப்பானியச் சொல் நாலைச் சேர்த்து ஏதோ பதில் சொன்னார். அதிகாரி என்னை ஒருமுறை, அண்ணனை ஒருமுறை பார்த்தார். எழுந்து வந்து எனக்கு ஓர் அறை. போய்விட்டார். ஆக ஒரு நிமிஷம்.

பெரிய கிராணி பட்டியலில் ஒரு பெயரை அடித்து, மேலே ஒரு பெயர் எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார், மெதுவாக: “லெவர்மேன் கெடைக்கறது கஷ்டம்டா. ஹெல்ப்பர் எத்தன பேரு வேணா கெடைப்பான். நீ அந்தச் சீட்டக் கொளுத்தியிருக்கலாம்.”

“தெரியும் சார்.”

வெளியே வந்தபோது அண்ணன் என் தோளைப் பிடித்திருந்தார். லாசர் பெயரை யாரும் கேட்கவில்லை. இரும்பைக் கழற்றச் சொன்ன உத்தரவு யாருடையது என்றும் யாரும் கேட்கவில்லை. அந்த இரும்பு போன இடத்துக்கே நானும் போகிறேன். என் பதினான்கு வரி இன்னும் மைக்கூட்டுக்கு அடியில்.

மே 25. செவ்வாய்.

வானம் மூடி இருக்கிறது, மழை இல்லை. வண்டி நாளை காலை. டோக்கியோ நேரம் எட்டு.

எடுத்துப் போக: சட்டை இரண்டு. சாரம் ஒன்று. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை ஆறு, காதர் பாய் கொடுத்தது. பென்சில் இரண்டு. ஊதாத் தாள்கள், 1 முதல் 30. 31 நானே எழுதிச் சேர்த்தாயிற்று.

காதர் பாய்: “போற எடத்துல கருவாடு சுத்தறதுக்கு ஒதவும்லா.” பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பயமாக இருக்கிறது. அதை எழுதி வைக்கிறேன். செய்தது நல்லது என்று நான் நினைக்கவில்லை. சனிக்கிழமை செய்ய வேண்டியதை ஒன்பது நாள் கழித்துச் செய்திருக்கிறேன்.

பாக்கியம் அக்கா இன்னும் பேசவில்லை. ஆனால் அடுப்படியிலிருந்து அரிசி வேகும் வாசனை வருகிறது. அன்றைக்கு நான் அள்ளிக்கொடுத்த ஒரு பிடியோடு, அவர் முந்தானையில் எடுத்ததும் இருக்கும்.

பயிற்சி 12 இன்னும் தொடவில்லை. வண்டியில் பார்க்க வேண்டும்.

கடைசி வேலையாக இன்று மதியம் செக்‌ஷனில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். 4-க்கும் 9-க்கும் நடுவே தற்காலிகமாக மரக்கட்டை போட்டிருக்கிறது, பலமாக இழுத்தால் உடையும், இழுத்துப் பார்க்கக் கூடாது. நேராகக் கேபினுக்குப் போனேன். வழியில் எங்கேயும் உட்காரவில்லை. அண்ணன் கையில் கொடுத்தேன். சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் கையெழுத்து வாங்கினேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று அவர் திருப்பிப் பார்த்தார், லேசாகச் சிரித்தார்.

நாளை எங்கள் வண்டி 9-ஐத் தாண்டித்தான் போகும். காலை டியூட்டி அவருக்கு. 4-ஐப் போடுவார். 9-ஐத் தொட மாட்டார்.